பதினொரு மாத வேலை

அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, காரக்கோணம் ஆஸ்பத்திரி நடையில் உட்கார வைத்திருந்தார்கள். அப்போதுதான் ரெஜிலாவுக்கு போன் வந்தது. கொச்சியிலிருந்து ஒரு பெண். ரெஜிலா தேர்வாகிவிட்டாள் என்றும், பதினொரு மாதக் காண்டிராக்ட் என்றும் மலையாளத்தில் சொன்னாள். வேலை அந்தப் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிக்கு, ஆனால் நீங்கள் எங்கள் ஏஜென்சியின் ஆள். வாரத்தில் இரண்டு நாள் கழக்கூட்டம் ஆபீசுக்கு வந்தால் போதும். சம்மதமா? சம்மதம் என்று ரெஜிலா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது.

தீபு அதே கம்பெனியில் பெங்களூரில் ஒன்பது வருடம் நிரந்தர வேலையில் இருந்தவன். பிப்ரவரியில் ஒரு காலை, பல் தேய்த்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தபோது அது அவனை உள்ளே விடவில்லை. வேலை நீக்கக் கடிதம் பிறகுதான் வந்தது. அவனுடைய குழுவில் பதினான்கு பேரையும் ஒரே நாளில் அனுப்பியிருந்தார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டுக் குளத்தூருக்கு வந்தான். மார்த்தாண்டத்தில் பேசி வைத்திருந்த பெண்வீட்டுக்கு மட்டும் தானே போன் செய்து உண்மையைச் சொன்னான். அதற்குப் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. மற்றவர்களிடம் அம்மா, "அவன் வீட்டுல இருந்துதான் வேல செய்யுதான்" என்று சொல்லிவந்தாள். அவன் அதை மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை. கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டினான், கேட்டுக்கு எண்ணெய் போட்டான், ஒன்றும் ஆகாத தண்ணீர்த் தொட்டியை இரண்டு முறை கழுவினான்.

ரெஜிலாவுக்கு முப்பத்துமூன்று வயது. கணவன் ஜிஜோ ஷார்ஜாவில். மகள் ரினி பிறந்தபோது விட்ட வேலை ஐந்து வருடமாகத் திரும்பக் கிடைக்கவில்லை. இன்டர்வியூவில் எல்லோரும் அந்த ஐந்து வருடத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். இந்த முறையும் கிடைக்காது என்று நினைத்ததால் அண்ணனிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அன்று மாலை தீபு ஏணியில் நின்று ஓட்டுக் கூரையின் மழைநீர்த் தூம்பில் அடைந்த சருகை வாரிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, எனக்கு வேல கெடச்சிருக்கு."

"எங்க?"

அவள் கம்பெனியின் பெயரைச் சொன்னாள். "காண்டிராக்டாக்கும்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். அதைச் சொன்னால் வலி குறையும் என்பதுபோல.

அவன் கையிலிருந்த சருகைக் கீழே போட்டான். "கொள்ளாம் மக்கா. சேரு."

"உனக்கு மனசு விஷமம் இல்லியே?"

"எனக்கென்ன விஷமம்? அஞ்சு வருசமா நீ அடுக்களைக்கும் முற்றத்துக்குமா நடந்தத நான் கண்டிட்டுண்டு. சேரு."

குளிக்கப் போன ரெஜிலா குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் சிரித்தாள். எவ்வளவு நாளாகிவிட்டது அப்படிச் சிரித்து. வெளியே ஏணியை இன்னொரு பக்கம் இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்தை அவன் நேற்றே சுத்தம் செய்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அம்மா ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். கம்பெனியின் பெயரைச் சொல்லி, மகளுக்கு அங்கே வேலை கிடைத்ததற்காக என்று மட்டும்தான் எழுதியிருந்தாள். போதகர் படிக்கும்போது அவராகவே சந்தோஷப்பட்டு, "நம்ம தீபு வேலை செய்யும் அதே கம்பெனியில்" என்று சேர்த்துக்கொண்டார். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ராபின்சன் தீபுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எலே தீபு, தங்கச்சியயும் உள்ள கேற்றி விட்டிட்டியே! எனக்க வினீத்துக்கும் ஒரு எடம் பாரு மக்கா."

"பாக்குதேன் மாமா" என்றான் தீபு. சிரித்த முகத்தோடு, இன்னும் நான்கு பேருக்குக் கை கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ரெஜிலா அம்மாவிடம் சண்டைக்குப் போனாள். "என்னத்துக்கும்மா சபையில எழுதிக் குடுத்த? அவன நிக்க வச்சு உரிச்ச மாதிரி ஆயிப்போச்சு."

அம்மா புஷ்பபாய் சேலையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "அவனுக்குப் போனத யாருட்டயும் சொல்ல முடியல்ல. உனக்குக் கெடச்சதயும் சொல்லப்பிடாதுன்னா, நான் கர்த்தருட்ட என்னத்தப் பிள்ள பேசட்டும்?"



வேலையில் சேர்ந்த முதல் நாள், அடையாள அட்டைக்கான படிவத்தை ஏஜென்சிக்காரர்கள் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார்கள். பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் தீபுவின் பெயர் இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று தெரியாமல், இரண்டு வாரம் அதை மனதிலேயே வைத்திருந்தாள்.

அவளுக்குக் கொடுத்தது, மென்பொருளில் பிழை தேடுவதற்கான ஒரு சோதனைத் திட்டம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே எழுதியவர் பெயர் தீபு என்று இருந்தது. இடையிடையே அவனுடைய குறிப்புகள். 'இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், இரண்டாம் முறைதான் பிழை தெரியும்.' படிக்கும்போது அவன் குரலே கேட்டது. ஓரிடத்தில் அவளுக்குப் புரியாமல் ஹைதராபாத்திலிருந்த மேலாளரிடம் கேட்டபோது, "எழுதினவர் இப்போ இல்லை, அவர் என்ன நினைச்சார்னு யாருக்கும் தெரியாது" என்றார் அவர். செத்துப்போனவனைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. வேலையிலிருந்து போனவர்களின் பெயர்களையெல்லாம் இந்தப் பக்கங்களிலிருந்து மாத முடிவுக்குள் நீக்கிவிடச் சொல்லியும் மின்னஞ்சல் வந்தது.

சனிக்கிழமை மதியம், மழை பெய்துகொண்டிருந்தபோது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்குப் போனாள். "அண்ணா, இது ஒண்ணு பாரு. எனக்குப் பிடி கிட்டல்ல."

அவன் முதலில் எட்டத்திலிருந்தே பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஒரு மணி நேரம் பேசினான். எங்கே எது உடையும், எந்த எண்ணை நம்பக்கூடாது, ஒருமுறை பதினான்கு பேரும் மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த பிழை எது என்று. நடுவில் சத்தமாகச் சிரித்தான். அடுக்களையில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்க பேர நீயாக்கும் குடுத்தது, இல்லியா?" என்றாள் ரெஜிலா.

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "ஏஜென்சியில முதல்ல என்னத்தான் கூப்பிட்டாவ. அதே வேல, பதினொரு மாசம். நான் ஒரு நாள் பூரா யோசிச்சேன் ரெஜி. ஒம்பது வருசம் ஏறுன படியாக்கும். காண்டிராக்டுகாரனுக்க வேற கலர் கார்டப் போட்டுட்டு அதுல ஏற எனக்குக் காலு வரல்ல. உனக்க நம்பரக் குடுத்தேன்."

"நீ மாட்டேன்னதயா நான் எடுத்தது?"

"நீ எடுத்தது உனக்க வேல மக்கா. எனக்க வேல பிப்ரவரியிலயே போச்சு."

அவளுக்கு அவன்மேல் நன்றியாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எதைச் சொல்வது என்று தெரியாமல், பெயர்களை நீக்கச் சொன்ன மின்னஞ்சலைத் திறந்து காட்டினாள். "என்னால முடியல்ல."

அவன் அதைப் படித்தான். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, முதல் பக்கத்தில் தன் பெயர் இருந்த கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். அந்த இடத்தில் ரெஜிலா என்று அடித்தான். கட்டம் சிவந்தது. நிரந்தர ஊழியர்களின் பெயர் மட்டுமே ஏற்கப்படும் என்று கீழே ஒரு வரி வந்தது. திரும்ப அடித்துப் பார்த்தான். அப்போதும் ஏற்கவில்லை. அவன் அதையும் அழித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

மழை ஓட்டிலிருந்து தூம்பில் இறங்கி, தடையில்லாமல் முற்றத்தில் கொட்டியது. எதுவும் இல்லாத அந்தக் கட்டத்துக்குள் சிறு கோடு ஒன்று மின்னி மறைந்து, மீண்டும் மின்னிக்கொண்டிருந்தது.