அஞ்சு நட்சத்திர நண்பர்கள்

லட்சுமிப்ரியாவுக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. அவளுடைய முதல் சிறுகதைத் தொகுப்பு நாகர்கோவில் புத்தகக் கடைக்கு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. அதற்குள் புத்தகம் வாசிப்பவர்கள் கூடும் இணையதளத்தில் நண்பர்கள் வரிசையாக வந்து அஞ்சு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தனாவது அட்டையைத் திறந்திருக்க வேண்டாமா?

அங்கே நட்பு என்றால் இதுதான். ஒருவர் அழைப்பு அனுப்புவார், மற்றவர் சம்மதிப்பார். பிறகு இவர் போடும் நட்சத்திரம் அவருக்குத் தெரியும், அவர் போடுவது இவருக்குத் தெரியும். தெரிந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? பக்கத்து வீட்டுப் பாயசப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காத ஊர் இது. எனக்கு நீ போட்டாய், உனக்கு நான் போடுகிறேன். வாசிப்பாவது, மண்ணாங்கட்டியாவது.

ஷெர்லி என்றொருத்தி மட்டும் மூன்று போட்டிருந்தாள். அஞ்சுகிராமத்தில் மருந்துக்கடையில் வேலை, கடற்கரைக்காரி. நேரில் பார்த்ததில்லை. “கதையில் வரும் கடற்கரைப் பெண்கள் மீன் விற்கிறார்கள், இல்லையென்றால் அழுகிறார்கள். எங்கம்மாவும் மீன் விற்றவள்தான். அவள் அடிக்கும் கேலிக்கு ஏலக்காரனே ஓடுவான். இந்த அக்கா ஒருநாள் கரைக்கு வந்து பார்க்கலாம்” என்று எழுதியிருந்தாள். லட்சுமிப்ரியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசிக் கதைவரை வாசித்த ஒரு உயிர் கிடைத்துவிட்டதே.

நன்றி எழுதலாம் என்று மறுநாள் போனால் விமர்சனத்தைக் காணோம். நண்பர்களில் ஷெர்லியையும் காணோம்.

கவிஞர் ஈஸ்வரமூர்த்திக்குப் போன் போட்டாள். அந்த வட்டத்துக்கே அவர்தான் நாட்டாமை.

“நாங்க நாலுபேரு சேந்து ரெண்டு வார்த்தை கேட்டோம், பிள்ளை ஓடிட்டு. உனக்காகத்தானே மக்கா செய்தோம்,” என்றார் பெருமையாக.

“நான் கேட்டேனா? எம் புத்தகத்த நீங்க வாசிச்சியளா? முதல் கதை பேரு சொல்லுங்க பாப்போம்.”

அவர் தொண்டையைச் செருமினார். அவள் போனை வைத்தாள். அதே சூட்டில் உட்கார்ந்து நண்பர்கள் அத்தனை பேரையும் நீக்கினாள். சனியன்கள், தொலையட்டும். ஆள் போனாலும் போட்ட நட்சத்திரம் போகவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல். மறுநாள் அஞ்சுகிராமம் பஸ் ஏறினாள்.

மருந்துக்கடையில் கூட்டமில்லை. பெயரைச் சொன்னதும் ஷெர்லியின் முகம் இறுகியது.

“அவங்க செய்ததுக்கு மன்னிப்பு கேக்க வந்தேன். நீ எழுதினத திரும்பப் போடணும். எம் புத்தகத்துக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான்.”

“எம் விமர்சனத்துக்குக் கீழ கவிஞரு என்ன எழுதினாருன்னு தெரியுமா? ‘மீன்கூடை சுமக்க வேண்டியவளெல்லாம் விமர்சனம் எழுத வந்தாச்சு’.”

“அயோக்கியன். நான் பாத்திருந்தா அங்கயே கிழிச்சிருப்பேன்.”

ஷெர்லி போனை எடுத்து நீட்டினாள். அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். அதற்கு லைக் போட்டவர்களின் பெயர்கள் கீழே இருந்தன. முதல் பெயர் லட்சுமிப்ரியா.

நண்பர் யார் எதை எழுதினாலும் ஒரு லைக் போட்டுவைப்பது அவளுக்கு வழக்கம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே போட்டிருப்பாள்.

“வாசிக்காமத்தான் போட்டேன் ஷெர்லி. சத்தியமா.”

“அதான் எரியுது அக்கா,” என்றாள் ஷெர்லி. “உங்க புத்தகத்த நான் ஒரு வரி விடாம வாசிச்சேன். என்னப் பத்தி வந்த ஒத்த வரிய உங்களால வாசிக்க முடியல.”