மூன்றாம் கதையில் வீசிய காற்று

மாப்பிள்ளை கதவைத் தட்டாமல் உள்ளே வந்து கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டியபோது நான் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, இத எழுதினது நீங்களா?"

கண்ணாடியைத் தேடினேன். அது என் தலைமேல்தான் இருந்தது. ஆனால் எதையும் உடனே கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது தொழில் பழக்கம். நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் விசாரிக்கிற ஆளாக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவன். கடை எரிந்தது என்பார்கள், வண்டி ஆற்றில் விழுந்தது என்பார்கள். போய்ப் பார்த்து, நடந்ததா இல்லையா என்று சொல்லவேண்டும். ஒரே அம்மாவை மூன்று முறை சாகடித்துப் பணம் கேட்ட ஒருவனைப் பிடித்திருக்கிறேன். மூன்றாவது சாவை விசாரிக்கப் போன அன்று கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, "பாவம், ரொம்ப நல்லவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது அந்த அம்மாதான். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். என் மேலதிகாரியும் நம்பவில்லை.

கைபேசியில் இருந்தது ஒரு சினிமாவைப் பற்றிய கருத்து. மாப்பிள்ளை சினிமாவுக்குச் சத்தம் செய்கிறவர். திரையில் கதாநாயகன் நடந்தால் கேட்கிற காலடி கதாநாயகனுடையது அல்ல, எங்கள் வீட்டு உள்ளறையில் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு மணல் தட்டில் மிதிக்கிற என் மாப்பிள்ளையுடையது. இந்தப் படம் பெரிய படம். நம் தாத்தாக்கள் படித்த மூன்று விஞ்ஞானக் கதைகளை எடுத்து ஒன்றாகத் தைத்திருந்தார்கள். ஒன்றில் விண்கலம், ஒன்றில் மிருகம், மூன்றாவதில் எல்லோரும் போய்விட்ட ஒரு கிரகத்தில் மிச்சமிருக்கிற ஒரே ஒரு ஆள். அந்தப் பிரபஞ்சத்தின் சத்தம் முழுவதும் எங்கள் வீட்டில்தான் தயாரானது. உள்ளறைக் கதவில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்போது யாரும் பேசக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது, தும்மல் வந்தால் மாடிப்படிக்குப் போய்த் தும்மவேண்டும். என் மகள் சின்ன வயதில் தூக்கத்திலும் பேசுகிறவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'வானொலி'. இந்த வீட்டில் அவள் சைகையிலேயே சாப்பிடக் கூப்பிடக் கற்றுக்கொண்டிருந்தாள். துண்டு தொங்காத நேரத்திலும் அப்படியே இருந்தாள்.

படம் வந்த வாரத்திலிருந்து மாப்பிள்ளை பார்வையாளர்களின் கருத்துகளைப் படிப்பதே வேலையாக இருந்தார். சாப்பிடும்போது எங்களுக்கும் வாசித்துக் காட்டுவார். மூலக்கதைகளைப் படித்தவர்கள், கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். படிக்காதவர்கள் கெடுப்பதற்கு அதில் என்ன இருந்தது என்று கேட்டார்கள். "கதையில் அவன் கடைசியில் செத்துப்போவான், படத்தில் கல்யாணம் செய்துகொள்கிறான், டைரக்டருக்கு இரண்டும் ஒன்றாகப் பட்டிருக்கலாம்" என்று ஒருவர். "நன்றாகத் தூங்கினேன், ஏசி பிரமாதம்" என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் ஒருவர். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் மூன்றாம் கதையில் வீசும் காற்று. அந்தக் காற்றைக் கேட்டதும் வெளியே வந்து வீட்டுக்கு ஃபோன் போட்டதாக முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுதியிருந்தார்கள். அந்தக் காற்றுக்காக ஒரு பாலைவனத்தில் கூடாரம் போட்டுக் காத்துக்கிடந்ததாக டைரக்டர் பேட்டிகளில் சொல்லிவந்தார்.

இப்போது மாப்பிள்ளை நீட்டிய கருத்தை 'கடைசி வரிசை' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். "விண்கலத்தின் கதவு ஒரு பழைய ஃபிரிட்ஜ், கீழ் ரப்பர் கிழிந்திருக்கிறது. மிருகம் ஒரு கிழவரின் குறட்டை. மூன்றாம் கதையில் வீசும் காற்று காற்றே இல்லை." அவ்வளவுதான். மூன்று நட்சத்திரம்.

"கிழவர்னு என்னையே நான் எழுதிக்குவேனா, மாப்ள? பெரியவர்னு போட்டிருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. "ரப்பர் கிழிஞ்சது இந்த வீட்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். டைரக்டர் ஃபோன் பண்ணிட்டார். உங்க வீட்லருந்துதான் வெளிய போயிருக்குங்கறார். ஆள் யாருன்னு சொல்ற வரைக்கும் அடுத்த படம் பத்திப் பேசவேணாம்னுட்டார். மாமா, உங்க தொழில்தானே இது. கண்டுபிடிச்சுக் குடுங்க."

"அந்தக் காத்து எது?" என்று கேட்டேன்.

"நம்ம பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன். மைக்க மேல பரண்ல வச்சு, ஃபேனப் போட்டுட்டு, என் மூச்சுகூட விழக்கூடாதுன்னு கீழ கடைக்குப் போயிட்டேன். வந்து அப்படியே வேகத்தக் கொறச்சேன். அந்த ஃபேனுக்குள்ள எங்கருந்தோ ஒரு ஏக்கம் வந்துச்சு மாமா. நான் ஒண்ணுமே பண்ணல, இழுத்து விட்டேன், அவ்வளவுதான்."

பெருமையோடு சொன்னார். நான் அடுத்த நகத்தை வெட்டினேன்.

அந்த ஏக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தியேட்டரில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தபோதே தெரிந்துவிட்டது. மகளின் அழுகைக்கு ஒரு அடையாளம் உண்டு. நீளமாக இழுத்துக்கொண்டே போய், முடியப்போகிற நேரத்தில், சைக்கிள் ஒரு கல்லில் ஏறி இறங்குவதுபோல் ஒரு சின்ன இடறல். தொட்டில் காலத்திலிருந்து அப்படித்தான். திரையில் செம்மண் நிறத்தில் யாருமில்லாத கிரகம், அதன்மேல் காற்று நீளமாக வந்தது, நீளமாக வந்து, இடறியது. தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சியது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். மகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரோ அழுவதைப் பார்க்கிற முகத்தோடு. மாப்பிள்ளை பக்கத்து வரிசையில் எத்தனை பேர் அழுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

விசாரணையை முறைப்படி தொடங்கினேன். முதலில் என்னைச் சந்தேகப்பட்டேன். வீட்டில் இருந்தவன், குறட்டைக்குச் சொந்தக்காரன், அனுமதி இல்லாமல் மிருகமாக்கப்பட்டதில் மனக்குறை உள்ளவன். என் கைபேசியை எடுத்துச் சோதித்தேன். 'அன்று என்ன செய்தாய்' என்று கேட்டால் ஞாபகமில்லை என்கிற ஆள். சாட்சி நம்பத் தகுந்தவர் அல்ல என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனேன்.

கீழ் வீட்டில் ஒரு பல் டாக்டரம்மா. அவருடைய டிரில் மெஷின் சத்தத்தைத்தான் மாப்பிள்ளை விண்வெளித் துப்பாக்கியாக மாற்றியிருந்தார். நாற்காலியில் ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி கிடக்க, அவர் என்னிடம் பேசினார்.

"நானா? நான் இன்னும் படமே பாக்கல சார். என் மெஷின வச்சு ஒரு கிரகத்தையே அழிச்சிருக்காங்க, ஒரு டிக்கெட் குடுத்தாங்களா உங்க மாப்பிள்ளை? ஆனா ஒண்ணு சொல்லவா."

"சொல்லுங்க."

"உங்க பாத்ரூம் எங்க பாத்ரூமுக்கு நேர் மேல. குழாய் வழியா எல்லாம் கேக்கும்." நோயாளியின் வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானும் ஃபேன் ரிப்பேர்னுதான் நெனச்சுட்டிருந்தேன். உங்க பொண்ண ஒருநா படியில பாத்தேன், கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. அப்புறம் அப்படி நெனைக்கல."

நோயாளி ஏதோ சொல்ல முயன்றார். "நீங்க மூடாதீங்க" என்றார் டாக்டரம்மா. நான் மேலே வந்தேன். சந்தேகப் பட்டியலில் டாக்டரம்மாவும் இருக்கலாம், அந்த நோயாளியும் இருக்கலாம். அந்தக் குழாய்க்குக் காது கொடுத்தவர் எவரும் இருக்கலாம். யாராக இருந்தாலும் எனக்குக் கவலை அது அல்ல. ஆளைக் கொடுத்தால் கேஸ் முடியும், மாப்பிள்ளைக்கு அடுத்த படம் வரும், உள்ளறைக் கதவில் துண்டு ஏறும். பாத்ரூமில் ஃபேன் ஓடும்.

மகள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு தலையணை உறையை எடுத்துத் தப்பாக மடித்தேன்.

"நீ எழுதினியாம்மா?"

"எதப்பா?"

"கடைசி வரிசை."

"நாம நடுவுலதானே உக்காந்தோம்." உறையை என் கையிலிருந்து வாங்கி உதறினாள். "உங்களுக்கு அந்தக் காத்து பிடிச்சுதாப்பா?"

"குளிரா இருந்துச்சு."

"எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்காம். விருதுக்கு அனுப்பறாங்களாம்." அடுத்து அவள் கைக்கு வந்தது அந்தச் சிவப்புத் துண்டு. அதை மடித்தாள். திருப்தியில்லாமல் பிரித்தாள். மறுபடி மடித்தாள். "அவர்ட்ட ரிப்போர்ட் குடுக்கணுமாமே நீங்க."

"கேட்டிருக்காரு."

"யார் எழுதினாங்கன்னு எழுதாதீங்கப்பா. என்ன எழுதியிருக்குன்னு மட்டும் எழுதுங்க."

இந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது. முன்பெல்லாம் ஒரு பென்சில் தொலைந்த கதையை மதியத்திலிருந்து விளக்கேற்றும்வரை சொல்லுவாள்.

மாப்பிள்ளை உள்ளறையில் கணினித் திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பூட்ஸ், தேங்காய்ச் சிரட்டைகள், கிழிந்த குடை, ஒரு கதவு மட்டும் தனியாக. நான் மணல் தட்டில் கால் படாமல் போய் நின்றேன்.

"யார் மாமா?"

"மாப்ள, எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. யார் பண்ணினான்னு முதல்ல பாக்க மாட்டோம். நஷ்டம் நெசமான்னு பாப்போம். ஒருத்தன் யானை மிதிச்சு கார் நசுங்கிடுச்சுன்னு எழுதிக் குடுத்தான். எல்லாரும் யானையத் தேடிப் போனாங்க. நான் காரத் தேடினேன். கார் இருந்துச்சு, நசுங்கியும் இருந்துச்சு. அன்னைக்கு ஒரு சர்க்கஸ் எங்க ஊரத் தாண்டிப் போயிருந்துச்சு. சொன்னது நெசம்."

"இப்ப யானை எதுக்கு?"

"இந்தக் கடைசி வரிசைக்காரன் மூணு விஷயம் சொல்றான். ஃபிரிட்ஜ் நெசம். குறட்டை நெசம், என்னால மறுக்க முடியல. மூணாவது நீங்க சரிபாக்கல. அந்த ஃபேன இன்னொரு தடவ பதிவு பண்ணிப் பாத்துட்டு வாங்க. அது காத்துதான்னா ஆள் யாருன்னு நான் சொல்றேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானே எழுதிவிட்டு ஆட்டம் காட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். ஆனாலும் மைக்கை எடுத்துக்கொண்டு போனார். பாத்ரூமில் யாரும் இல்லை. பரணில் மைக்கை வைத்து, ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார். திரும்பி வந்து வேகத்தைக் குறைத்துக் கேட்டார். கர்ரக், கர்ரக் என்று தகரத்தைக் கோழி கீறுகிற சத்தம். இன்னும் குறைத்தார். கோழி பெரிதானது, அவ்வளவுதான்.

"மைக் தள்ளி இருந்திருக்கும்" என்றார். மறுபடி வைத்தார். மறுபடி கோழி.

"பழசு இருக்கா?" என்றேன். "வேகத்தக் கொறைக்கிறதுக்கு முன்னாடி இருந்தது."

"இருக்கு. அத எதுக்குக் கேக்கணும்? நான் வந்ததுமே கொறச்சுட்டேனே."

சொல்லிக்கொண்டே தேடினார். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அழுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வேலை செய்கிறவரின் முகம். பிறகு ஒரு பொத்தானை மெல்லத் திருகினார், ஃபேன் சத்தத்தை மட்டும் கீழே இறக்குகிறார் போலிருக்கிறது. விரல் பாதியில் நின்றது. பின்னால் போய் மறுபடி கேட்டார். இடறல் வந்த இடத்தில் அவர் தோள் லேசாக ஏறி இறங்கியது.

அப்போது சமையலறையில் மகள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கிழிந்த ரப்பர் தரையை உரசி, புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் விண்கலம் என்று நம்பிய சத்தம். மாப்பிள்ளை ஒரு பக்கத்துக் காதிலிருந்து மட்டும் ஹெட்போனை விலக்கினார். மற்றதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே எழுந்தார். வயர் இழுபட்டு முழு நீளத்துக்கும் விறைத்தது. அதற்கு மேல் போக முடியாத இடத்தில், வாசல்படியில் நின்றார்.

அங்கிருந்து பார்த்தால் சமையலறை தெரியும். அவள் எதையும் எடுக்கவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. ஃபிரிட்ஜின் வெளிச்சம் முகத்தில் விழ, எங்களுக்குப் பக்கவாட்டு முகம் காட்டி, ஏதோ ஒரு சத்தத்துக்குக் காத்திருப்பவள்போல் நின்றுகொண்டிருந்தாள்.