எதிர்ப்பு என்று அச்சான வாரம்

எங்கள் தொகுதியில் டீச்சர் என்றால் ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், சட்டமன்றத்துக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. முதல் தேர்தலில் நின்றபோது அவர் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று. "நான் அங்க போய் எதுக்குக் கை தூக்கறேன், எதுக்குத் தூக்கலன்னு வாராவாரம் உங்க வீட்டுக்குக் கடுதாசி வரும்." ஜெயித்த பிறகு அதைக் காப்பாற்றினார். சரியாகச் சொன்னால், காப்பாற்றியது நான். அந்த மடலை எழுதுகிறவள் நான்தான்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பெருமைதான் போய்விட்டதே, அது போன கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மடல் ஒரே தாள், இரண்டு பக்கம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாள் எது, வாக்குச்சாவடி எங்கே மாறியிருக்கிறது, எந்த மசோதா வந்தால் யாருக்கு என்ன ஆகும், எல்லாம் அதில் இருக்கும். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம். 'இந்த வாரம் என் வாக்கு' என்று தலைப்பு. உள்ளே ஆதரவு, எதிர்ப்பு, அவையில் இல்லை, மூன்றில் ஒன்று. பாதிப் பேர் அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மீதிக்காக நான் உயிரைக் கொடுத்து எழுதுவேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாக்கெடுப்பு நடப்பது வியாழன் மாலை. மடல் வீடுகளில் விழ வேண்டியது வெள்ளி காலை. அச்சகத்துக்காரரோ புதன் மதியத்துக்குள் கொடுத்தால்தான் ஏற்றுவேன் என்பார். ஆகவே செவ்வாய்க்கிழமையே டீச்சர் சொல்லிவிடுவார், நானும் 'வாக்களித்தேன்' என்று நடந்து முடிந்ததுபோல எழுதிவிடுவேன். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைக்கிற வேலைதான். ஆனால் பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் சொன்ன கை மாறியதில்லை. அதனால் யாரும் இதை ஒரு தப்பாகவே நினைக்கவில்லை.

அந்த வாரம் வந்தது சிறு மருத்துவமனைகளின் சிறப்புப் பிரிவுகளை நகரத்துப் பெரிய மருத்துவமனையோடு 'இணைக்கும்' மசோதா. இணைப்பு என்பது சர்க்கார் பேச்சு. எங்கள் பேச்சில் அதற்கு மூடுவது என்று பெயர். எங்கள் ஊர் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு ஒன்று உண்டு. ஆறு இயந்திரம், பதினெட்டு பேர். அந்தப் பதினெட்டில் ஒருவன் என் தம்பி.

தம்பி பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கிறவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம், அந்த இயந்திரத்தோடு கிடக்கிறான். "நகரத்துக்கு ரெண்டரை மணின்னு போர்டுல போட்டிருக்காங்க. ஆத்தைச் சுத்திப் போறதால மூணேகால் ஆகும். போக மூணேகால், வர மூணேகால், நடுவுல நாலு. மிச்ச நேரத்துல நான் உயிரோட இருந்துக்கறேன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீச்சர் "எதிர்ப்புன்னு போடு" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த வேகத்தில் நானாக இரண்டு வரி சேர்த்தேன். நகரத்தில் இடம் பிடிக்க முன்பதிவு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 'யாரும் அவசரப்பட்டுப் பெரிய மருத்துவமனையில் பெயர் பதிய வேண்டாம். இங்கே எண்ணிக்கை குறைந்தால், ஆளே இல்லை என்று சொல்லி மூடிவிடுவார்கள்' என்று எழுதினேன். டீச்சர் சிவப்புப் பேனாவோடு படித்தார். பழைய பழக்கம், பேனா இல்லாமல் எதையும் படிக்க மாட்டார்.

"இதை யோசிச்சுதான் எழுதினியா?"

"ஆமா டீச்சர்."

"சரி, போகட்டும்" என்று ஒரு இடத்தில் கமா மட்டும் போட்டுக் கொடுத்தார்.

வியாழன் மாலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சட்டமன்றத் தாழ்வாரத்தின் இரைச்சல் பின்னால் கேட்டது.

"மடல் போயிடுச்சா?"

"நேத்தே அச்சாயிடுச்சு. தபால் ஆபீஸ்லயும் குடுத்தாச்சு. ஏன் டீச்சர்?"

"ஓட்டெடுக்கறப்ப நான் உள்ள இல்ல. வெளிய வந்துட்டேன். ஒரு ஓட்டுல பாஸ் ஆயிடுச்சு."

அவர் உட்கார்ந்து எதிர்த்துக் கை தூக்கியிருந்தால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் மசோதா விழும். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்குத் தெரியாதா என்ன!

"நான் வெளிய வந்தா ஆத்துக்குப் பாலம் கட்டித் தரேன்னு சர்க்கார்ல சொன்னாங்க" என்றார். "ஒரு வாரத்துல உத்தரவுல கையெழுத்துப் போடறாங்க. பதினோரு வருஷமா கேட்டுட்டிருக்கேன். அந்த ஆத்துல என் வகுப்புப் பிள்ளைங்க ரெண்டு பேரைப் பொணமா தூக்கிட்டு வந்தவ நான். பாலம் வந்தா உன் தம்பிக்கும் நகரம் ஒரு மணி நேரம்தான்."

"எப்ப வரும்?"

"மூணு வருஷம்."

"அவனுக்கு வாரத்துக்கு மூணு நாள், டீச்சர்."

"தெரியும்" என்றார். குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது, இரக்கம் வந்ததே என்று கோபமும் வந்தது. "கையெழுத்து ஆகறவரைக்கும் இது வெளிய வரக் கூடாது. வந்தா பேரம் பேசிட்டாங்கன்னு கூச்சல் வரும், பாலமும் போயிடும். அடுத்த மடல்ல பாத்துக்கலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காத. நம்ம பிரிவு முதல் பட்டியல்லயே இருக்கு. அடுத்த மாசக் கடைசியில மூடிடுவாங்க."

வெள்ளி காலை மடல் எல்லா வீட்டுக்கும் போனது. எதிர்ப்பு என்று கொட்டை எழுத்தில். மசோதா நிறைவேறிய செய்தி பத்திரிகையில் வந்தது, ஆனால் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பத்திரிகைகள் போடுவதில்லை. அதற்குத்தானே எங்கள் மடல்! சாயங்காலத்துக்குள் அலுவலகத்துக்கு நாற்பது போன். "டீச்சர் ஒருத்தராவது நின்னாங்களே" என்று ஒரு அம்மா அழுதார். நான் "சொல்லிடறேங்க" என்று வைத்தேன்.

அன்றைக்கே, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, நான் பெரிய மருத்துவமனையின் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். தம்பியின் நோயாளி அட்டை எண் எனக்கு மனப்பாடம். சுற்றுவட்டாரம் முழுக்கச் சேர்த்து இருபது இடம், முதலில் வருபவருக்கு முதலில். பொத்தானை அழுத்தினேன். 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது. எண் திங்கட்கிழமை அனுப்பப்படும்' என்று வந்தது.

மற்ற பதினேழு பேரை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீச்சர் அனுமதி கொடுத்ததும் எல்லோருக்கும் சொல்லிவிடலாம், நாலைந்து நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நன்றாகத் தூங்கினேன். அதுதான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். "வா" என்றான். அவ்வளவுதான்.

டயாலிசிஸ் பிரிவு ஒரு நீள அறை. ஆறு கட்டில், ஆறு இயந்திரம், ஓயாத ஒரு முனகல். அன்றைக்கு மூன்று பேர்தான் விழித்திருந்தார்கள். கதவை ஒட்டி ஓய்வுபெற்ற தபால்காரர், நடுவில் தையல்காரம்மா, ஜன்னலோரம் என் தம்பி. தையல்காரம்மாவின் தலைமாட்டுச் சுவரில் எங்கள் மடலை ஒட்டிவைத்திருந்தார்கள். கட்டத்தைச் சுற்றி நீல மையில் வட்டம்.

"வாம்மா, டீச்சர் ஆபீஸ்காரம்மா" என்று தையல்காரம்மா முகமெல்லாம் சிரித்தார். "நான்தான் ஒட்டினேன். பாக்கப் பாக்கத் தெம்பா இருக்கு."

"நான் உத்தியோகத்துல இருந்தப்ப வீடு வீடா போட்ட கடுதாசி" என்றார் தபால்காரர். "ஒரு வாரங்கூட பொய் சொன்னதில்ல."

தம்பி போனை என் பக்கம் நீட்டினான். 'உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது. எண் 20.'

"என்னக்கா இது?"

"வெளிய சொல்றேன்."

"நான் எப்படி வெளிய வரது?" குழாய் செருகியிருந்த கையைக் கண்ணால் காட்டினான். "பதிய வேணாம்னு நீதானே எழுதின? இங்க யாரும் பதியல. எனக்கு மட்டும் எப்படி நம்பர் வந்துச்சு? இங்கயே சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

என் தம்பி என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. பாலம், கையெழுத்து, டீச்சரின் உடைந்த குரல், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. கடைசியில் நான் சொன்னது மூன்று வாக்கியம். டீச்சர் எதிர்த்து வாக்களிக்கவில்லை. வாக்கெடுப்பின்போது அவையில் இல்லை. அடுத்த மாதக் கடைசியில் இந்தப் பிரிவை மூடுகிறார்கள்.

தபால்காரர் கண்ணாடியைக் கழற்றி மார்பின்மேல் வைத்துக்கொண்டார். தையல்காரம்மா தலையைத் திருப்பிச் சுவரில் இருந்த மடலைப் பார்த்தார், அது ஏதாவது வேறு மாதிரி சொல்லுமோ என்பதுபோல.

"அப்ப இதை டீச்சர் எழுதலயா?"

"எப்பவுமே நான்தான்க்கா எழுதறது."

"எழுதறப்ப உனக்குத் தெரியுமா, இப்படி ஆகும்னு?"

"சத்தியமா தெரியாதுக்கா."

"தம்பி பேரைப் பதியறப்ப?"

இயந்திரங்கள் முனகிக்கொண்டே இருந்தன. "தெரியும்" என்றேன்.

அவர் திட்டவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "சரி, இப்பவாவது பதிஞ்சு குடு. எனக்கு இந்தப் போன்ல அதெல்லாம் வராது" என்று தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். துணி நூல் ஒன்று அதன் உறையில் சிக்கியிருந்தது.

கட்டிலோரம் உட்கார்ந்து பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். முதல் கேள்வியிலேயே விரல் நின்றுவிட்டது. பதினோரு வருஷமாக வாரம் தவறாமல் இவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

"உங்க பேரு என்னக்கா?"

சொன்னார். வயது, அட்டை எண், எந்தெந்தக் கிழமை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் அடித்தேன். மூன்று பிள்ளைகளில் கடைசிப் பெண்ணுக்கு ஒன்பது வயது என்று நான் கேட்காமலேயே சொன்னார். பொத்தானை அழுத்தினேன். போன வாரம் போல எண் வரக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. உடனே பதில் வந்துவிட்டது.

"என்னம்மா வந்திருக்கு?"

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணாம் நம்பரா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா ஐயா, கடைசியா பதிஞ்சும் எனக்கு ஒண்ணாம் நம்பர்! உங்களுக்கும் பதியச் சொல்லுங்க, சட்டுனு ஆயிடுது."

தபால்காரர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ வீட்டுக்குக் கெட்ட செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர், என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

யாருக்கும் விளங்காத சட்டத்தையெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்படி எழுதுகிறாள் என்று பெயர் வாங்கியவள் நான். அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"அக்கா, இது காத்திருக்கறவங்க பட்டியல். இருபது இடமும் முடிஞ்சு போச்சு. அந்த இருபது பேர்ல யாராவது இடம் விட்டாத்தான் உங்களுக்கு வரும்."

"யாரு விடுவாங்க? எதுக்கு விடுவாங்க?" என்று கேட்டவர், கேட்டுக்கொண்டிருக்கும்போதே பதிலையும் கண்டுகொண்டார். ஆறு வருஷமாக இந்த அறையில் இருக்கிறவர். இங்கே கட்டில் எப்படிக் காலியாகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பு மெதுவாக இறங்கியது. போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு, யாரிடம் என்றில்லாமல் கேட்டார். "அந்தக் கடைசி இடம், இருபதாவது, யாருக்குப் போச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். ஜன்னலோரக் கட்டிலில் என் தம்பி குழாய் செருகாத கையைத் தூக்கினான்.