கையைச் சூடாக்குகிறவன்

"நீ போயிட்டா ரேந்த்ராவுக்கு யாருப்பா பந்து அடிக்கிறது?"

பயிற்சியாளர் ஹர்ஜோ கேட்டார். சுகெங் தலைகுனிந்து நின்றான். பக்கத்து ஊர்க் குழு அவனை முதல் கோல்கீப்பராக வரச்சொல்லியிருந்தது. முப்பத்தாறு வயதில் இன்னொரு முறை யார் கூப்பிடுவார்கள்? ஆனால் ஒப்பந்தம் எங்கள் ஊர்க் குழுவோடு இருந்தது. ஹர்ஜோ விடவில்லை.

சுகெங் இங்கே இரண்டாவது கோல்கீப்பர். ஆட்டத்துக்கு முன்னால் முதல் கோல்கீப்பருக்குப் பந்து அடித்துக் கையைச் சூடாக்கிவிட்டு, போய் பெஞ்சில் உட்கார வேண்டும். அவன் அடிக்கும் பந்து நினைத்த மூலைக்கு நூல் பிடித்த மாதிரி போகும். அதில் பழகிப் பழகியே முதல் கோல்கீப்பர்கள் ஒவ்வொருவராகப் பேரெடுத்துப் பெரிய ஊர்களுக்குப் போனார்கள். இப்போது ரேந்த்ராவின் முறை.

மைதான வாசலில் என் சாப்பாட்டுக் கடை; தெம்பே என்கிற சோயா வறுவல் அங்கே நன்றாகப் போகும். சுகெங்கின் மனைவி நிங்ஸி எனக்கு ஒத்தாசை.

"என்ன சொன்னாரு?"

"நான் வேணுமாம்."

"யாருக்கு?"

"ரேந்த்ராவுக்கு."

"அப்ப அவன் கால் சுளுக்கணும்னு துஆ கேக்கவா?"

"அப்படிப் பேசாத. நல்ல பையன்."

"நல்லவன்தான். ஒரு தெம்பேக்குக் காசு குடுத்துட்டு ரெண்டு திங்கிறான்."

நான் குறுக்கே புகுந்தேன். "கொஞ்சம் கோணலா அடிச்சுத்தான் பாரேன். வேணாம்னு அவங்களே விட்டுடுவாங்க."

"பாத்தேம்மா. கால் கேக்க மாட்டேங்குது."

மழைக்காலத்தில் ஓர் ஆட்டத்தின் நடுவே ரேந்த்ரா கம்பத்தில் மோதித் தோளை உடைத்துக்கொண்டான். சுகெங் உள்ளே போனான். அவன் கையைச் சூடாக்க ஒருவரும் இல்லை. அக்குளில் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஓடினான்.

"தாத்தா, மூட்டு பத்திரம்" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

கடைசியில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவனின் ஊன்றுகாலை மட்டும் சுகெங் பார்த்தான். வலது மூலைக்குத் தான் அடிக்கும்போது தன் காலும் அப்படித்தான் திரும்பி நிற்கும். அந்த மூலைக்கே பாய்ந்தான். பந்து கையில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவனை யாரும் பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. அந்த வருடக் கோப்பையும் எங்களுக்கே வந்தது.

ரேந்த்ராவின் தோள் கூடியதும், "நீ சுகெங்குக்கு அடி" என்றார் ஹர்ஜோ. ரேந்த்ரா அடித்த பந்தெல்லாம் கம்பத்துக்கு மேலே போனது. ஒன்று மதில் தாண்டி என் மிளகாய்ச் சம்பல் சட்டியைக் கவிழ்த்தது.

"இவனுக்கு அடிக்கவும் தெரியல. கேக்குறவங்களுக்குக் குடுத்துடலாம்" என்றார் ஹர்ஜோ.

கேட்டது அதே பக்கத்து ஊர்தான். கிளம்பும் நாளில் ரேந்த்ரா கடைக்கு வந்து, வழக்கம்போல இரண்டு தெம்பே எடுத்தான்.

"வேணும்னேதான அடிச்ச?" சுகெங் மெதுவாகக் கேட்டான்.

ரேந்த்ரா மென்றுகொண்டே சிரித்தான். "நீங்க ஏண்ணே ஒரு தடவைகூட அப்படி அடிக்கல?"

சுகெங் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

ரேந்த்ரா போனதும் நிங்ஸி தட்டை எடுத்தாள். "இனிமே உங்களுக்கு யாரு அடிப்பா?"

"ஹர்ஜோ ஆள் தேடறாரு."

"கிடைக்கிற வரைக்கும்?"

"சுவத்துல அடிச்சு நானே புடிச்சுக்குவேன்."

சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. சுவரில் ஒரு அடி, கையில் ஒரு அடி. ஒன்றுகூட மதில் தாண்டி வரவில்லை.