சண்டைக்கு ஒரு விரற்கடை

தாராவியில் தொண்ணூறு அடி சாலைக்குப் பின்னால் இருந்த பேச்சிராஜாவின் வீடு, அவனும் அவன் மனைவி விஜயராணியும் சண்டை போடும்போதெல்லாம் ஒரு விரற்கடை வளர்ந்தது. வெளியே வளரவில்லை. ஒரு பக்கம் முத்துமாரி வீட்டுச் சுவர், மறுபக்கம் சாக்கடை. வெளியே வளர இடம் கிடையாது. உள்ளே மட்டும் வளர்ந்தது. கல்யாணமாகி விஜயராணி வந்தபோது அது பத்துக்குப் பத்து அறை. முதல் சண்டை, தண்ணீர் டிரம்மை மூடாமல் விட்டது யார் என்பது பற்றி. மறுநாள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே துடைப்பம் வைக்க இடம் கிடைத்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வருடம் கட்டில் வாங்கினார்கள். அவன் தங்கை வந்து ஒரு மாதம் தங்கிப் போன பிறகு பிரிட்ஜுக்கு இடம் வந்தது. பிரிட்ஜை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் சோபாவுக்கு வந்தது. சந்தில் பொறாமை பரவியது. முத்துமாரி தன் புருஷனிடம், "அந்தண்ணன் பொண்டாட்டிகிட்ட எப்படி வாய் குடுக்காக பாரும். நீரும் இருக்கீரே, வாயத் தொறந்தா கொட்டாவிதான்" என்றாள். அவர்களும் ஒரு வாரம் முயன்றார்கள். அங்கே சத்தம் மட்டும்தான் வளர்ந்தது.

ஒன்பதாம் வருடம் பிரிந்துவிடுவது என்று முடிவாயிற்று. காரணம் கேட்டவர்களுக்கு, ஒத்துவரவில்லை என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அதில் ஒத்துப்போனார்கள். பேச்சிராஜா செம்பூரில் லிஃப்ட் மெக்கானிக். விஜயராணி ஐரோலியில் ஒரு கம்பெனி கேண்டீனில் சூப்பர்வைசர். அங்கேயே ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். அந்தக் கதவுக்கு உள்தாழ் நன்றாக விழுந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. தீபாவளி வரை பிடித்து வைப்பதாக வீட்டுக்காரி சொன்னாள். அதற்குள் தாராவி வீடு விற்றால்தான் முன்பணம் கட்ட முடியும். வீடு இருவர் பெயரிலும் இருந்தது.

தரகர் முகம்மது ஹனீப் அளக்க வந்தது நல்ல நேரம். மிக்ஸி யாருக்கு என்ற சண்டை காலையிலிருந்தே நடந்துகொண்டிருந்தது. தாராவியில் உள்சுவருக்கு உள்சுவர்தான் அளவு. ஓர் அடி கூடினாலும் விலை மாறும். ஹனீப் டேப்பை இழுத்தார். இருபதுக்குப் பதினெட்டு. வெளியே போய்ச் சந்தின் அகலத்தைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி அளந்தார். அதற்குள் கொஞ்சம் கூடியிருந்தது. "மாஷா அல்லா" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். தோல் பை தைக்கும் ஜெயினுலாப்தீன் எட்டு மெஷின் போட இடம் தேடிக்கொண்டிருந்தார். அந்த அளவை நம்பி டோக்கன் பணம் கொடுத்தார்.

பாந்திராவில் குடும்ப நீதிமன்றம் ஆறு மாதம் யோசிக்கச் சொன்னது. எல்லாம் கெட்டது அந்த ஆறு மாதத்தில்தான். பிரிவது உறுதியானதும் சண்டை போட எதுவும் மிஞ்சவில்லை. மிக்ஸியைப் பேச்சிராஜாவே பழைய லுங்கியில் சுற்றி அவள் பெட்டியில் வைத்தான். அவள் தினமும் அவனுக்கு வெந்நீர் போட்டாள். ஒருவர் தூங்கினால் மற்றவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "சாப்பிட்டீகளா?" "ஆச்சு. நீ?" என்பதோடு பேச்சு முடிந்தது. ஒன்பது வருடத்தில் இல்லாத மரியாதை அந்த வீட்டில் நிலவியது. வீடு சுருங்கியது. ஆடியில் சோபாவை விற்றார்கள். ஆவணியில் பிரிட்ஜைத் திறக்கக் கட்டில்மேல் ஏற வேண்டியிருந்தது. மழை நின்றபோது அது பழைய பத்துக்குப் பத்தாக இருந்தது. அதற்குப் பிறகும் சுருங்குவது நிற்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஹனீப் வந்தார். நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினார். அவை இரண்டு சுவரையும் தொட்டன.

"என்ன ராஜா, வீட்ட எங்க கொண்டுபோயி வச்ச? நாளைக்கு ஜெயினுலாப்தீன் பாய் டேப்போட வாராரு. சண்டயப் போடுங்கப்பா."

பேச்சிராஜா எழுந்து நின்று தொண்டையைச் செருமினான். "ஒங்கப்பன்..." என்று தொடங்கினான். அவள் அப்பா போன வருடம்தான் இறந்திருந்தார், நல்ல மனிதர். நிறுத்திக்கொண்டான். வீடு அரை விரல் குறைந்தது. விஜயராணி குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தட்டைக் காலி செய்தான்.

"உப்புன்னு சொல்லுமய்யா!" என்று ஹனீப் கத்தினார்.

"நல்லாத்தான் இருக்கு."

சுவர் வந்து அலமாரியைத் தள்ளியது. ஹனீப் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

காலையில் ஹனீபோடு ஜெயினுலாப்தீன் வந்தார். உள்ளே நான்காவது ஆளுக்கு இடம் இல்லாததால் சந்தில் நின்றே எட்டிப் பார்த்தார். "இதுல எட்டு மிஷினா? எட்டு ஊசி வைக்கலாம். காலிபீலி சும்மா என் நேரத்தப் பாழாக்கிட்டீரே, ஹனீபு" என்றார். டோக்கனைத் திருப்பிக் கேட்டார். ஹனீப் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். விஜயராணி கட்டி வைத்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே கட்டிலில் பேச்சிராஜா. முழங்காலும் முழங்காலும் இடித்தன. ஐரோலி அறை அன்றோடு போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஒரு தடவயாவது போகாதன்னு சொன்னீகளா?"

அவன் பெட்டியைப் பார்த்தான்.

"நான் பொட்டி கட்டுனேன். நீங்க கயிறு எடுத்துக் குடுத்தீக. பத்தலன்னதும் கடைக்குப் போயி வாங்கிட்டும் வந்தீக."

அது சண்டையே இல்லை என்று ஹனீப் பிற்பாடு எல்லோரிடமும் வாதிட்டார். ஆனால் வீடு அதைச் சண்டையாகத்தான் எடுத்துக்கொண்டது. முதலில் முழங்கால்கள் விலகின. பின்சுவர் நகர்ந்தது, கட்டில் அதனோடு போனது, பேச்சிராஜா கட்டிலோடு போனான். இருபது அடியைத் தாண்டினான், ஐம்பதைத் தாண்டினான். அவன் முகம் முதலில் தட்டளவு இருந்தது, பிறகு பொத்தான் அளவு. அங்கிருந்து ஏதோ சொன்னான். இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. போகாதே என்றுதான் சொன்னதாக இப்போது சொல்கிறான். இருக்கலாம்.

ஜெயினுலாப்தீன் உள்ளே வந்து டேப்பை இழுத்தார். டேப் முடிந்தது, சுவர் வரவில்லை. இருபதுக்குப் பதினெட்டு நிச்சயம் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். பேசிய விலைக்கு மேல் ஒரு பைசா தரவில்லை. விஜயராணி கையெழுத்துப் போட்டாள். ஒரு முறை உள்ளே பார்த்துவிட்டுப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினாள். பேச்சிராஜா வாசலுக்கு நடந்து வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. அவனும் கையெழுத்துப் போட்டான். ஜனவரியில் விவாகரத்து கிடைத்தது.

ஜெயினுலாப்தீன் எட்டு மெஷினில் தொடங்கினார். இப்போது நாற்பது ஓடுகின்றன. பின்வரிசைக்குத் தேநீர் சைக்கிளில் போகிறது. ஆறிப்போய் வருவதாகத் தையல்காரர்களுக்குக் குறை உண்டு. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறார். விஜயராணியின் ஐரோலி அறை பத்துக்குப் பத்து. அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாராவி வீட்டின் அந்தக் கோடியில் பழைய கட்டில் இன்னும் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளும்படி ஜெயினுலாப்தீன் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். தூரம் அதிகம் என்று பேச்சிராஜா விட்டுவிட்டான்.