மீனெண்ணெய் மாத்திரையும் மறையூர் ஆட்டமும்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. எழுதுகிறவள் யாஸ்மின். 'நான்' என்று தொடங்கினால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அதனால் தன்னையே 'அவள்' என்று எழுதுகிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: கஞ்சிக்கோட்டில் அவள் குடும்பத்தார் கடையில் புரதப் பொடியும் மீனெண்ணெய் மாத்திரையும் சக்கைப்போடு போடும்...

(விளம்பரம் போலிருக்கிறது. அடித்தாயிற்று.)

இரண்டாவது: ஃபிரோஸின் நெற்றிப்பொட்டில் எதிராளியின் முழங்கால் இடித்தபோது

(அதை அவள் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத வேண்டாம்.)

2

பார்த்தது இதுதான். அவள் கணவன் ஃபிரோஸ்* தொழிற்சாலைக் கபடிக் குழுவில் ரெய்டு போகிறவன். பத்து நாள் முன்பு தலையில் அடிபட்டு வந்தான். மறுநாள் சாயாவில் உப்பைப் போட்டுக் குடித்தான், முகம் சுளிக்கவில்லை. கேட்டதையே மூன்று முறை கேட்டான். டாக்டரைப் பார்க்கலாமா என்று முதலில் கேட்டவனும் அவன்தான்.

"மீனெண்ணெய் தெனம் ரெண்டு போடுங்க. மூளைக்கு நல்லதுங்க" என்றாள் அவள். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதே என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். கடையில் சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பியும் விட்டாள். பாழாய்ப்போன வாய்.

*மாற்றுப் பெயர். சொந்தப் பெயரை எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

3

இன்று ஞாயிறு. மறையூரில் ஆட்டம். நேற்று அவள் ஒரு டாக்டரிடம் போனில் கேட்டாள். மாத்திரை அடியைத் தடுக்காது, பழைய அடி ஆறும் முன் இன்னொன்று விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம், ஆட விடாதீர்கள் என்றார். அப்படியே அவனிடம் சொன்னாள்.

"அதான் தெனமும் மாத்திர போடறேனே புள்ள" என்று சிரித்தான்.

முடிவு அ: ஆடி, ஜெயித்து, கோப்பையோடு வருகிறான். (அடுத்த வாரமும் போவான்.)

முடிவு ஆ: மறையூரிலிருந்து போன் வருகிறது. எடுத்தவுடன்

(இல்லை. இல்லை.)

4

இதுவரை எழுதியதை, ஷூவை மாட்டிக்கொண்டே அவன் வாங்கிப் படித்தான். உப்புச் சாயா, மறையூர், டாக்டர், எல்லாவற்றையும்.

"அந்த ஃபிரோஸ் பாவம் புள்ள. ஊட்டுல இருக்கறவங்க அவனப் புடிச்சு நிறுத்தியிருக்கக் கூடாதா?"

விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. அது தன்னைப் பற்றியது என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

வெளியே குழுவின் வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. அவள் எழுந்து போய்க் கதவை மறிக்கப் போகிறாள். அவனோ களத்தில் ஏழு பேரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடுகிற ஆள். மீதியை எழுத அவளுக்குக் கை ஒழியாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அவனை மட்டும் வாசலைத் தாண்ட விட்டுவிடாதீர்கள்.