முழுப் பாதையோடு அடி

அக்காவைக் கட்டியவரே எனக்கு மேலதிகாரியாகவும் வாய்த்தது என் தலையெழுத்து. சர்வர் அறையில் எந்தக் கட்டளையையும், அது கணினியின் வட்டில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற முழுப் பாதையோடுதான் அடிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஓடும் நிரலை நிறுத்தும் கில் கட்டளையைக்கூட ‘ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் கில்’ என்றே அடிக்க வேண்டும். அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று மதியம் சர்வர் திணறி நின்றது. ஏதோ ஒரு நிரல் தன்னைத்தானே பிரதி எடுத்து ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தது. புதிதாக ஒன்றைக்கூடத் தொடங்க இடமில்லை. அதே சர்வரில் ஒரு பாலத்தின் பாரக் கணக்கு பதினோரு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அது என் பொறுப்பு. சர்வரை அணைத்தால் அத்தனையும் போகும்; போனால், வெள்ளிக்கிழமை முடியும் என் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள்.

கட்டளை அடிக்கும் ஷெல் ஒன்றே ஒன்றுதான் திறந்திருந்தது, அதுவும் அவர் கையில். முழுப் பாதையோடு கில் அடித்தார். தொடங்க முடியவில்லை என்று திரையில் வந்தது.

“பாத்தியா? கில்லே செத்துப்போச்சு. ரீஸ்டார்ட்தான்.”

“முழுப் பாதை போட்டா வெளிய இருக்கற புரோகிராமைத்தான் கூப்பிடும் அத்தான். வெறும் கில்லுன்னு அடிங்க. அது ஷெல்லுக்குள்ளயே இருக்கு, புதுசா எதையும் தொடங்க வேண்டாம்.”

“ரெண்டு கில்லா? எனக்கே கதை விடறியா? உங்கக்கா சொன்னாளேன்னு உன்னைச் சேத்துக்கிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

அவர் கை பவர் பட்டனுக்குப் போனது. நாற்காலியோடு அவரைத் தள்ளிவிட்டேன். மரியாதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஷெல்லுக்கு உள்ளேயே இருக்கும் கட்டளைகளை மட்டும் வைத்துத் துழாவினேன். தாய் நிரலின் எண்ணும் பெயரும் திரையில் விழுந்தன. வெறும் கில் அடித்து, பிள்ளைகுட்டிகளோடு அதை முடித்தேன். பாலக் கணக்கு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிரல், காலையில் அவரே எழுதி ஓடவிட்டது.

“ரிப்போர்ட்ல காரணம் தெரியலைன்னு போட்டுடு,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “நமக்குள்ள என்ன இருக்கு?”

“உங்க சட்டப்படியே எழுதறேன் அத்தான்.”

காரணம் என்ற இடத்தில் அந்த நிரலை முழுப் பாதையோடு எழுதினேன். அவருடைய கோப்புறை, அதன்மேல் அவருடைய பெயர், ஓர் எழுத்து விடாமல்.